ஆறடி நாலு அங்குலம்: காலை எங்கே வைப்பது?

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 34 வயது வாசகர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். உயரம் ஆறடி நாலு அங்குலம், அதாவது 193 சென்டிமீட்டர். எடை 90 கிலோ. மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய் வருகிறார், பெரும்பாலும் ஆம்னி ஸ்லீப்பர் பஸ்ஸில். "காலை நீட்டினால் பலகை இடிக்கிறது. மடக்கினால் முட்டி கடுக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் காலையில் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகிறது" என்கிறார். ரயிலில் போனால் சைடு பெர்த்தாகப் பார்த்து வந்து மாட்டுகிறதாம். இரண்டு மாதம் முன்பு ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்திருக்கிறது. மூன்று நாளில் தானாக வடிந்துவிட்டதால் டாக்டரிடம் போகவில்லை. இவருடைய அப்பா, முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவர். அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக இவர் ஃபிராங்க்ஃபர்ட் போக வேண்டும். சுமார் பத்து மணி நேர விமானப் பயணம்.

கேள்விகள் மூன்று. முட்டிவலி என்று ஒரு சர்டிஃபிகேட் கொடுத்தால் விமானத்தில் எமர்ஜென்சி எக்ஸிட் சீட்டும் ரயிலில் லோயர் பெர்த்தும் கேட்டு வாங்க முடியுமா? ஏறுவதற்கு முன்பு ஒரு ஆஸ்பிரின் போட்டால் போதும் என்று நண்பர் சொல்கிறாரே, சரியா? இந்த உயரத்துக்கு முட்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமா?

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனீர்களே, அந்தக் கெண்டைக்கால் வீக்கம். எனக்கு உங்கள் முட்டியைவிட அதுதான் முக்கியம்.

அந்த மூன்று நாள் வீக்கம்

இரவு முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்தால் இரண்டு கணுக்காலும் லேசாக வீங்கும். செருப்பு இறுக்கும், வீட்டில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால் வடியும். இது எல்லாருக்கும் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் கதை வேறு. ஆழத்தில் இருக்கும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதோ என்று பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு வந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை. தசைப்பிடிப்பாக இருந்திருக்கலாம், தசையில் சின்னக் கிழிசலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வடிந்துவிட்டது என்பது "ஒன்றுமில்லை" என்பதற்குச் சாட்சி ஆகாது.

உயரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகிற பயணம் இந்த ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்றது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கூடுதல் ஆபத்துள்ளவர்கள் பட்டியலில் 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களும் இருந்தார்கள், 160க்குக் கீழே இருப்பவர்களும் இருந்தார்கள். குள்ளமானவர்களுக்கு இருக்கையின் முன்விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தும்; உங்களைப் போல் அவர்களும் அவஸ்தைப்படுகிறார்கள் என்பது உயரமானவர்களுக்குத் தெரிவதே இல்லை. இதையெல்லாம் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். இரண்டு மடங்கு என்றாலும், ஆரோக்கியமான ஆளுக்கு அது ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான் என்று அதே அறிக்கை சொன்னது.

உங்கள் கணக்கில் மட்டும் இன்னும் இரண்டு சேர்கின்றன. ஒன்று, ஏற்கெனவே ஒரு பயணத்துக்குப் பின் ஒரு கால் வீங்கியது. இரண்டாவது, அப்பாவுக்கு வந்தது. அப்பாவின் கட்டி பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது என்பதால் அதைப் பரம்பரை என்று உடனே சொல்லிவிட முடியாது. முட்டி மாற்றினால் அந்த ஆபத்து யாருக்கும் உண்டு. ஆனாலும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய தகவல்.

இந்த வாரத்திலேயே ஒரு பொது மருத்துவரையோ ரத்தநாள நிபுணரையோ பார்த்து, வலது காலுக்கு டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்தக்குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஸ்கேன், எடுத்துவிடுங்கள். வலி இல்லாத பரிசோதனை. இரண்டு மாதம் ஆகிவிட்டதால் ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அன்றைக்குக் கட்டி இருந்ததா இல்லையா என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது. ஆனால் பழைய கட்டியின் தழும்பு சிரையில் இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இருந்தால், ஃபிராங்க்ஃபர்ட் பயணத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்பதை அந்த டாக்டர் முடிவு செய்வார்.

இனிமேல் எந்தப் பயணத்துக்குப் பின்னாலும், ஒரு மாதம் கழித்துக்கூட, ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதோடு மூச்சுத் திணறலோ மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தலோ வந்தால் ஆட்டோ பிடிக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பிரின், சாக்ஸ், அப்புறம் அந்தத் தூக்க மாத்திரை

பயணத்தில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போடுங்கள் என்று டாக்டர்கள் இன்று பொதுவாகச் சொல்வதில்லை. பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. ஆஸ்பிரின் முக்கியமாகத் தமனிகளில், அதாவது மாரடைப்பு மாதிரி விஷயங்களில், உதவும் மருந்து. காலின் சிரையில் அதன் பலன் குறைவு. வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும் குணமோ அப்படியே இருக்கும். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். மாத்திரையைப் போட்டுவிட்டோமே என்ற தைரியத்தில் பத்து மணி நேரம் எழுந்திருக்காமல் இருந்துவிடுவோம் என்பதுதான் அதில் இருக்கும் பெரிய கெடுதல்.

அழுத்தம் தரும் காலுறை உதவும். முட்டிக்குக் கீழ் வரை வருவது போதும். அழுத்தம் 15 முதல் 30 எம்எம்எச்ஜி (mmHg) வரை என்று அட்டையில் போட்டிருக்கும். மருந்துக்கடையில் "எக்ஸ்எல் குடுங்க" என்று வாங்கி வராதீர்கள். கணுக்கால் சுற்றளவு, கெண்டைக்கால் சுற்றளவு, குதிகாலிலிருந்து முட்டி மடிப்பு வரை நீளம், இந்த மூன்றையும் காலையில் எழுந்தவுடன் அளந்து அதற்குப் பொருத்தமானதை வாங்க வேண்டும். உங்கள் நீளத்துக்குச் சாதாரண அளவு பாதிக் கெண்டையில் வந்து நின்று, மேல்விளிம்பு கயிறு கட்டியது போல இறுக்கும். அது போடாததைவிட மோசம். காலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் குறை உள்ளவர்கள் இதை டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. உங்களுக்கும் டாப்ளர் பார்த்த பிறகே.

பஸ்ஸில் தூங்குவதற்காக அலர்ஜி மாத்திரை போடுவதாகவும், நடுவில் இறங்க வேண்டியிருக்கும் என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நிறுத்துங்கள். மாத்திரைத் தூக்கத்தில் கால் மரத்தாலும் உடம்பு புரண்டு படுக்காது. சிறுநீர் வந்தால் எழுந்து நடப்போம் என்பதே தண்ணீர் குடிப்பதில் எனக்குப் பிடித்த அம்சம். மோட்டலில் நிறுத்தும்போது டீ வேண்டாம் என்றாலும் இறங்கி, பஸ்ஸைச் சுற்றி நாலு முறை நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று இருபது தடவை செய்யுங்கள். கெண்டைத் தசை சுருங்கும்போதுதான் கீழே தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது.

சர்டிஃபிகேட் விஷயம்

முட்டிவலி சர்டிஃபிகேட்டைக் கொண்டுபோய் எக்ஸிட் சீட் கேட்டால் என்ன நடக்கும் தெரியுமா? உங்களை அங்கே உட்கார விடவே மாட்டார்கள். அந்த வரிசை கால் நீட்டுவதற்காக விட்ட இடம் இல்லை, ஆபத்து வந்தால் எல்லாரும் வெளியேற வேண்டிய வழி. அங்கே உட்காருகிறவர் கதவைத் தூக்கித் திறக்கும் உடல்பலம் உள்ளவராக, ஊழியர் சொல்வதைப் புரிந்துகொண்டு உதவச் சம்மதிப்பவராக இருக்க வேண்டும். சிறுவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கு அங்கே இடமில்லை. நீங்கள் நல்ல உடல்பலத்தோடு இருக்கிறீர்கள், அதனால் சர்டிஃபிகேட் இல்லாமலே உங்களுக்கு அந்த சீட்டுக்குத் தகுதி உண்டு. காசு கட்டி எடுத்துக்கொள்ளலாம். இப்படி இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் வாங்குவதை நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதித்திருக்கிறது. உயரம் என்ற காரணத்துக்காக இலவசமாகத் தர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொல்லி 2018இல் சட்டமே போட்டார்கள். போட்டும் பல வருடங்களுக்கு அளவு வரவில்லை. எனவே சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எடுக்கும்போது பார்த்து எடுங்கள். ஏர்பஸ் 320 போன்ற விமானங்களில் இறக்கைக்கு நேரே அடுத்தடுத்து இரண்டு எக்ஸிட் வரிசைகள் இருக்கும். முன்வரிசையின் சாய்மானம் பொதுவாகச் சாயாது, சாய்ந்தால் பின்வரிசையின் வழியை மறைக்கும். காசு ஒன்றுதான் என்றால் பின்னதை எடுங்கள். விமானத்தின் முதல் வரிசை பார்க்க விசாலமாக இருக்கும். எதிரே சுவர் இருப்பதால் பாதத்தை முன்சீட்டுக்கு அடியில் நுழைக்க முடியாது. உங்கள் கால் நீளத்துக்கு அது ஏமாற்று.

எக்ஸிட் கிடைக்கவில்லை என்றால் நடைபாதை ஓரம். அதிலும் எந்த ஓரம் என்று பாருங்கள். உங்களுக்குத் தொந்தரவு வலது காலில். மூன்றுக்கு மூன்று இருக்கை உள்ள விமானத்தில் சி இருக்கையில் உட்கார்ந்தால் நடைபாதை உங்கள் வலதுபக்கம் வரும். தள்ளுவண்டி வராத நேரத்தில் அந்தக் காலை நீட்டலாம். டி இருக்கை என்றால் நீட்டக் கிடைப்பது இடது கால்தான். ஃபிராங்க்ஃபர்ட் விமானம் பெரியது, எழுத்துகள் மாறும், கணக்கு மாறாது.

முன்சீட்காரர் சாயாமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் கொக்கி ஆன்லைனில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். வாங்க வேண்டாம். 2014இல் அமெரிக்காவில் அப்படி ஒரு கொக்கியால் இரண்டு பயணிகளுக்குள் சண்டை முற்றி, டென்வர் போக வேண்டிய விமானத்தைச் சிகாகோவில் இறக்க வேண்டியதாயிற்று. பல நிறுவனங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. முன்னால் இருப்பவர் உட்காரும்போதே, "சார், என் முட்டி இங்கே முட்டுது, சாய்க்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். எழுந்து நின்று சொன்னால் இன்னும் நல்லது. உயரத்தைப் பார்த்த பிறகு பெரும்பாலானவர்கள் இரக்கப்படுவார்கள்.

ஒரு சர்டிஃபிகேட் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும் இடம் உண்டு. அது உங்கள் ஆபீஸ். பயணம் அவர்கள் வேலைக்காகத்தானே? ஸ்கேன் பார்த்த டாக்டரிடம், உயரம் 193 சென்டிமீட்டர், நீண்ட பயணத்துக்குப் பின் கால் வீங்கிய வரலாறு உண்டு, கூடுதல் கால்இடமும் நடைபாதை ஓர இருக்கையும் பரிந்துரைக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதி வாங்குங்கள். அதை டிராவல் பிரிவுக்குக் கொடுத்து, பிரீமியம் எகானமியோ கூடுதல் இடமுள்ள சீட்டோ கேளுங்கள். சாதாரண வகுப்பில் ஒரு சீட்டிலிருந்து முன்சீட் வரை 31 அங்குலம் இருந்தால் பிரீமியத்தில் 38 வரை கிடைக்கும். ஏழு அங்குலம் உங்கள் தொடைக்குப் பெரிய விஷயம்.

நெல்லைக்குப் போகிற வழி

ரயிலில் லோயர் பெர்த் ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும். உயரம் அதில் வராது. அதைவிட, உங்களுக்கு லோயர் பெர்த் நல்லது என்ற நினைப்பே தவறு. கால் நடைபாதைக்கு நீட்டிக்கொண்டிருக்கும். விழுப்புரத்தில் ஏறுகிறவரின் சூட்கேஸ் முதல் டீ கேன் வரை எல்லாம் அதில் இடிக்கும். மிடில் பெர்த்தை மாட்டிவிட்டால் நிமிர்ந்து உட்காரவும் முடியாது. மிடில் பெர்த் கேட்கவே வேண்டாம், உங்கள் பாதம் போகிறவர் வருகிறவர்மேல் இடிக்கும். அப்பர் பெர்த்தை எடுத்து, தலையை ஜன்னல் பக்கம் வைத்துக் குறுக்காகப் படுங்கள். பாதம் வெளியே நீட்டினாலும் அது யார் வழியிலும் அவ்வளவாக வராது. உட்கார முடியாதுதான், ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸில் நீங்கள் ஏறுவதே தூங்குவதற்கு.

சைடு பெர்த்தைத் தவிர்க்க ஒரு கணக்கு உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் பெர்த் எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 7 வந்தால் சைடு லோயர், மீதி வராவிட்டால் சைடு அப்பர். இரண்டடுக்கு ஏசியில் ஆறால் வகுக்க வேண்டும். மீதி 5 வந்தாலோ, மீதியே இல்லாவிட்டாலோ சைடு. சைடு பெர்த் நீளமும் குறைவு, இரண்டு முனையிலும் தடுப்பு. ஆறடிக்கு மேற்பட்ட ஆளுக்கு அது படுக்கை ஆகாது. ஆர்ஏசி என்றால் அந்தச் சைடு லோயரிலேயே இன்னொருவரோடு பாதி இடம். டிக்கெட் அப்படி வந்தால், குட்டையான ஒருவரிடம் மாற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள். முதலில் டிடிஇயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பகல் பயணம் ஒத்துவருமானால் 2023 செப்டம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத்தை யோசியுங்கள். சுமார் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும் என்றாலும், நினைத்தபோது எழுந்து பெட்டிக்குப் பெட்டி நடக்கலாம்.

ஸ்லீப்பர் பஸ்ஸை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த அறை பெரும்பாலும் ஆறடிக்குப் பக்கம்தான், நாலு பக்கமும் அடைப்பு. நீங்கள் எழுதிய பாத மரப்பும் அங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். முட்டியின் வெளிப்பக்கத்தில், சற்றுக் கீழே, ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. காலை மடக்கி, அந்த முண்டு பலகையில் அழுந்தப் பல மணி நேரம் கிடந்தால் பாதத்தின் மேல்பக்கம் மரக்கும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலும் இதே கதை. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டால் கவலை இல்லை. பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டால் உடனே டாக்டரிடம் போங்கள். வேறு வழியில்லாமல் பஸ்தான் என்றால், செமி ஸ்லீப்பரில் இடதுபக்க வரிசையின் நடைபாதை ஓரம் எடுங்கள். உங்கள் வலது காலுக்கு இடம் கிடைக்கும். கடைசி வரிசை வேண்டாம், பல பஸ்களில் அது சாயாது.

எந்த வண்டியானாலும் உங்களுக்கு சீட் தாழ்வு. முட்டி இடுப்புக்கு மேலே போய்விடுகிறது, இடுப்பு பின்னால் சரிகிறது, கீழ்முதுகு வளைகிறது. முதுகுவலி அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு துண்டை இரண்டாக மடித்து உட்காரும் இடத்தில் பின்பாதியில் போடுங்கள், இன்னொரு துண்டைச் சுருட்டி இடுப்புப் பள்ளத்தில் வையுங்கள். கழுத்தில் மாட்டும் தலையணை உங்களுக்குப் பெரிய உதவி செய்யாது. சீட்டின் தலைப்பகுதியே உங்கள் தோள்பட்டை உயரத்தில்தான் நிற்கிறது.

முட்டி தேயுமா?

உயரம் மட்டும் காரணமாக முட்டி தேய்வதில்லை. எடை, பழைய அடி, பரம்பரை, இவைதான் பெரிய காரணங்கள். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்தால் முட்டியின் முன்பக்கம் கடுப்பதும், எழுந்து நாலு எட்டு வைத்தால் குறைவதும், சினிமா தியேட்டரில் உட்கார்ந்தாலே வருவதும் முட்டிச்சில்லு சம்பந்தப்பட்ட வலி. தொடையின் முன்தசையைப் பலப்படுத்தினால் பெரும்பாலும் குறையும். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலை ஒரு அடி உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குங்கள். ஒரு காலுக்கு 15, காலையும் மாலையும். எம்ஆர்ஐக்குச் செலவழிப்பதற்கு முன் ஆறு வாரம் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் யாருமே உயரமில்லாமல் நீங்கள் மட்டும் இப்படி வளர்ந்தவரா? இரண்டு கையையும் விரித்தால் அந்த அகலம் உங்கள் உயரத்தைத் தெளிவாகத் தாண்டுகிறதா? விரல்கள் மிக நீளமா, சின்ன வயதிலேயே அதிகப் பவர் கண்ணாடியா? ஆம் என்றால் ஒரு முறை இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. மார்ஃபான் என்று ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. அதில் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், பலவீனமாக இருக்கும். அதேபோல, ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கும் இளைஞர்களுக்கு, புகைபிடித்தால் இன்னும் அதிகமாக, நுரையீரலைச் சுற்றித் திடீரென்று காற்று கசிவது உண்டு. உங்களுக்கு எப்போதாவது அப்படி வந்திருந்தால் டாக்டர் சரி என்று சொல்லும் வரை விமானம் ஏறக்கூடாது. கடிதத்தில் இவை எதுவும் இல்லை, ஆனாலும் ஸ்கேனுக்குப் போகும்போது டாக்டரிடம் இவற்றைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

டாப்ளர் முடிந்ததும் ரிப்போர்ட்டோடு எழுதுங்கள். ஃபிராங்க்ஃபர்ட் சீட்டை அதற்குப் பிறகு உறுதி செய்தால் போதும்.